டென்மார்க் அண்ணையும் ஒரு சைக்கிள் கொட்டிலும்

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் அரசாங்கத்துக்குப் பயப்படாத தமிழர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர்தான் டென்மார்க் அண்ணை.

அப்படியானால் மற்றவர்கள் எல்லாரும் கோழைகளா என்று சண்டைக்கு வராதீர்கள். எங்கள் சனம் நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தால் அதை உடைக்காமல் ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டு, இரண்டு நாள் சோறு இறங்காமல் திரியும். பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு உடைத்துப் பார்த்தால், குப்பை எடுக்கிற நாள் மாறியிருக்கிறது என்று எழுதியிருக்கும். அகதி வழக்கை வென்று, குடியுரிமை எடுத்து, வருடா வருடம் வரி கட்டி, வாக்கும் போட்ட பிறகுகூட 'கவர்ன்மென்ட்' என்று வாயால் சொல்லும்போது எங்களுக்குக் குரல் தாழ்ந்துவிடும். டென்மார்க் அண்ணைக்கு அப்போதுதான் குரல் உயரும்.

"அவையளிட்டக் காசு கிடக்குது பிள்ளை," என்பார். "கேக்கிறதுக்குத்தான் ஆளில்லை."

இதை அவர் சொல்லாத இடம் இல்லை. கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது சொல்வார். சாமத்திய வீட்டுப் பந்தியில் இருந்து சொல்வார். ஒருமுறை செத்தவீட்டில், பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து கும்பிட்டுவிட்டு, அழுதுகொண்டு நின்ற மகனின் கையைப் பிடித்து, "அப்பா நல்ல மனிசன்," என்றார். மகன் தலையாட்டினான். "இந்த மண்டபத்தில ஒரு சைக்கிள் விட இடமில்லை, கவனிச்சனீரோ?" என்றார். பாவம் அந்தப் பிள்ளை, அழுகையை நிறுத்திவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தது.

அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். அது அவருடைய மனைவி சரசு அக்காவுக்கும் மருத்துவ அட்டைக்கும் மட்டுமே தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்குக்குப் போய், அங்கே ஒரு மீன் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, மகளோடு இருப்பதற்காக மொன்றியலுக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து எதைப் பார்த்தாலும் "டென்மார்க்கில எண்டா..." என்றுதான் தொடங்குவார். பனியைப் பார்த்தாலும் அதுதான், பாணைப் பார்த்தாலும் அதுதான். வேறு பெயர் வைக்க அவர் எங்களுக்கு வழி விடவில்லை.

டென்மார்க் கதைகளிலே அவருக்கு அலுக்காதது ஒரு சைக்கிள் பாதையின் கதை. அவர் இருந்த சின்ன நகரத்தில், குடியிருப்புகளுக்கும் மீன் தொழிற்சாலைக்கும் நடுவே லொறிகள் பறக்கிற ஒரு தெரு. அதன் ஓரத்தில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை வேண்டும் என்று இவரும் அக்கம்பக்கமும் கேட்டுக் கேட்டே வாங்கிவிட்டார்களாம். ஐரோப்பாவில் சைக்கிளுக்கான பொதுப்பணம் எங்கெங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது என்று வகுப்பே எடுப்பார். கரும்பலகைக்குப் பதிலாக சரசு அக்காவின் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியர்.

"கீழ்த்தட்டு நகரசபை. நடுத்தட்டு நாடு. மேல்தட்டு பிறசல்ஸில இருக்கிற ஐரோப்பிய ஒன்றியம். எங்கட ஆக்கள் கீழ்த்தட்டைத் திறந்து பாப்பினம். வெறுஞ்சோறு கொஞ்சம் கிடக்கும். காணாது எண்டு எழும்பி வந்திடுவினம். கறி மேல்தட்டில எல்லோ கிடக்கு?"

"அப்ப நேர மேல்தட்டைத் திறந்தா என்ன அண்ணை?"

"விசர்க் கதை கதையாதையும். மேல இருக்கிறவன் முதல் கேக்கிற கேள்வியே, கீழ இருக்கிறவன் எவ்வளவு போட்டவன் எண்டதுதான். அவன் பாதி போட்டாத்தான் இவன் மீதி போடுவான். சோறில்லாமல் கறியை மட்டும் ஆர் தருவினம்?"

சரசு அக்கா கரியரைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கழுவும்வரை வகுப்பு நடக்கும்.

எனக்கு இதெல்லாம் ஒரு பொழுதுபோக்காகத்தான் இருந்தது, என் சைக்கிளுக்கு ஆபத்து வரும்வரைக்கும்.

நான் சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஷிஃப்ட். பஸ்ஸில் போனால் இடையில் மாற வேண்டும். முதல் பஸ் கொஞ்சம் அசைந்து வந்தால் இரண்டாவது எனக்காகக் காத்திருக்காது. பிந்திப் பிந்திப் போய், கடைசியில் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, இனி ஒரு தடவை பிந்தினால் திரும்ப வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். என் ஒருத்தியின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு, அடுத்த நாளே ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். அதன்பிறகு நான் பிந்தவே இல்லை.

சைக்கிள் எங்களுக்குப் புதிதா என்ன? யாழ்ப்பாணத்துப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் சைக்கிளில், ட்யூஷன் போனதும் சைக்கிளில். கனடாவுக்கு வந்ததும்தான், கார் இல்லாதவர்கள் செய்கிற வேலை என்று எல்லாரும் ஒருமிக்க மறந்துபோனோம். நான் ஓடுவதைப் பார்த்து எதிர்வீட்டு றெஜினாவும் தொடங்கினாள். மன்னார்க்காரி, என்னோடு அதே தொழிற்சாலையில் அதே ஷிஃப்ட். பிறகு அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். டென்மார்க் அண்ணை பல்கனியில் நின்று எங்களைப் பார்த்து, தான் பெற்ற பிள்ளைகள் பட்டம் வாங்கப் போகிறதுபோலப் பூரித்துப்போவார்.

எங்கள் வீடுகளுக்குப் படி வெளியேதான் இருக்கிறது. வளைந்து வளைந்து மூன்றாம் மாடிவரை ஏறுகிற இரும்புப் படி. வீடுகளுக்குப் பின்னால் சந்துபோல ஓடுகிற ஒழுங்கைப் பக்கமாக அந்தப் படியின் கம்பிகளில்தான் சைக்கிள்களைக் கட்டி வைப்போம். ஒருநாள் வீட்டுக்காரக் கிரேக்கக் கிழவர் வந்து கைகளை விரித்தார். தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்தார்களாம். நெருப்புப் பிடித்தால் இறங்குகிற வழியில் ஒரு பொருளும் நிற்கக்கூடாதாம். மாத முடிவுக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமாம். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கே கொண்டுபோய் வைப்பது? தெருவில் கட்டினால் களவு போகும். றெஜினா தன் முதல் சைக்கிளைத் தெருக் கம்பத்தில் கட்டிவிட்டு வந்தாள், திரும்பிப் போய்ப் பார்த்தால் பூட்டும் முன்சில்லும் மட்டும் மிச்சம் இருந்தன. வீட்டுக்குள் வைக்க இடமிருந்தால் நாங்கள் ஏன் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறோம்?

டென்மார்க் அண்ணை இதைக் கேட்டதும் கவலைப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் எழும்பி நின்று கையைத் தட்டினார்.

"இதுக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தனான்! ஒழுங்கை முடக்கில நகரசபைக் காணி ஒரு மூலை சும்மா கிடக்கு. அதில ஒரு கொட்டில் கேப்பம். கூரை, கதவு, பூட்டு எல்லாத்தோடயும்."

றெஜினா நியாயமான பெண். "அதுக்கேன் அண்ணை கேட்டுக்கொண்டு திரியிறியள்? ஆளுக்குக் கொஞ்சம் போட்டா ஒரு தகரக் கொட்டில் அடிச்சிடலாமே," என்றாள்.

அவருக்கு வந்ததே ஒரு கோபம்.

"ஓம், ஓம். கோயிலுக்கும் காசு சேருங்கோ, சேர்ச்சுக்கும் காசு சேருங்கோ, கடைசியில தெருவையும் நீங்களே போடுங்கோ. அப்ப நீர் கட்டின வரியை அவையள் என்ன ஊறுகாயோ போடுறது? நகரசபைக் காணியில நீங்கள் தகரம் அடிச்சா அடுத்த கிழமை பிடுங்கிக்கொண்டு போவான். கேட்டு வாங்கினா, பூட்டு உடைஞ்சாலும் அவனே வந்து திருத்தித் தருவான்."

இப்படியாக விண்ணப்பம் தொடங்கியது. அக்கம்பக்கங்களில் நடை, சைக்கிள் வசதிகளுக்கென்று நகரசபை ஒரு தொகை ஒதுக்கியிருப்பதை அவரே தேடிக் கண்டுபிடித்தார். பிரெஞ்சு வகுப்பில் நான் படித்தது முழுவதும் அதில் கரைந்தது. சைக்கிள் விட இடம் இல்லாமல் நாங்கள் படும் பாட்டை உருக்கமாக எழுதிக்கொண்டு போய் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"உமக்கு வேணும் எண்டு எழுதாதையும் பிள்ளை. உமக்கு என்ன வேணும் எண்டதைப் பற்றி அவையளுக்கு என்ன கவலை? அவையள் என்ன செய்ய ஆசைப்படுகினம்? காத்துச் சுத்தமாகோணும், காருகள் குறையோணும், பொம்பிளையள் பயமில்லாமல் வேலைக்குப் போகோணும். அதெல்லாம் நாங்கள் ஏற்கெனவே செய்து கொண்டிருக்கிறம். கூரை மட்டும் அவையள் போட்டாக் காணும். அப்பிடி எழுதும்."

அப்படியே எழுதினேன். எழுதி முடித்தபோது, மொன்றியலின் காற்று முழுவதையும் நானும் றெஜினாவும்தான் சுத்தம் செய்துகொண்டிருக்கிறோம் என்று எனக்கே ஒரு பெருமிதம் வந்தது.

விண்ணப்பம் போன பிறகு தொலைபேசிப் படலம். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் பயமும் கிடையாது. "பொன்ஜூர்" என்று தொடங்கி, ஆங்கிலத்துக்குத் தாவி, அங்கே சொல் தட்டுப்பட்டதும் டேனிஷில் இறங்கிவிடுவார். மறுமுனையில் இருப்பவர் திகைத்துப்போய் அழைப்பைத் தன் மேலதிகாரிக்கு மாற்றிவிடுவார். அண்ணை ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார்: "நடுத்தட்டுக்கு வந்திட்டம்!"

அந்தத் தொல்லை தாங்காமலோ என்னவோ, இடத்தை நேரில் பார்த்து, தேவையைப் படம் எடுக்க ஒரு அதிகாரி வருவதாகப் பதில் வந்தது. எங்கள் பக்கத்துக்கு வருகிறவர் ஒரு பெண். ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு.

அன்றைக்கு நடந்ததை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

அதிகாரியை அழைத்து வர அண்ணை பார்க் மெட்ரோவுக்குப் புறப்பட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் றெஜினா ஒழுங்கையில் இறங்கி நின்று சுற்றும்முற்றும் பார்த்தாள். படிகளில் கறள் பிடித்த சைக்கிள்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. ஒன்றுக்கு இருக்கைக்குப் பதில் பொலித்தீன் பை கட்டியிருந்தது.

"அக்கா, ஒரு பெரிய மனுசி வாறா. வீடு வாசல் இப்பிடிக் கிடந்தா எங்களைப் பற்றி என்ன நினைப்பா?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. விருந்தாளி வருகிறார் என்றால் அழுக்குத் துணியையும் கிழிந்த செருப்பையும் கட்டிலுக்குக் கீழே தள்ளுகிற இனம் நாங்கள். எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்ததோ, சைக்கிள்கள் எல்லாம் படியேறி வீடுகளுக்குள் போய்விட்டன. என்னுடையது குளியல் தொட்டிக்குள். றெஜினாவுடையது அறைக்குள், மேலே பூப்போட்ட கட்டில் விரிப்பு. இன்னொருத்தியுடையது சாமியறையில் முருகனுக்குப் பக்கத்தில். ஒழுங்கையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலமும் போட்டோம். சரசு அக்கா தட்டு நிறைய வடை சுட்டு வைத்தார். நான் பட்டுச்சேலை உடுத்தேன்.

அண்ணை அதிகாரியோடு ஒழுங்கை முடக்கில் திரும்பினார். கையை நீட்டி, "லுக் மாடம், தேவையைப் பாருங்கோ," என்கிற தோரணையில் காட்டினார். காட்டிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. கண்ணுக்கு எட்டின தூரத்துக்கு ஒரு சைக்கிள் இல்லை. கோலம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"த்ரே ஜோலி!" என்றார் அதிகாரி. மிக அழகு என்று அர்த்தம். அண்ணைக்கு அர்த்தம் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை.

"எங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "எங்க பிள்ளை எல்லாம்?"

"துப்பரவாக்கினனாங்கள் அண்ணை."

அவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். ஒரு மனிதர் டேனிஷில் மனதுக்குள் பேசுவதை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். அதிகாரி நல்ல பெண். வடையைச் சாப்பிட்டார், இன்னொன்று கேட்டும் சாப்பிட்டார். பிறகு சங்கடத்தோடு சொன்னார்: இந்தப் பணத்துக்கு வேறு பல அக்கம்பக்கங்களும் கேட்கின்றன, தேவை கண்ணுக்குத் தெரிந்தால்தான் மேலே எடுத்துச் சொல்ல முடியும், ஆனால் இங்கே ஒரு சைக்கிள்கூட இல்லையே. கமராவை உறைக்குள் வைத்தார். கையிலிருந்த ஃபைலை மூடினார்.

எனக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அண்ணை ஆங்கிலத்திலும் டேனிஷிலும் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அதிகாரி தலையாட்டியபடியே பின்வாங்கிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு சைக்கிளை இறக்கலாம் என்று பார்த்தேன். அவர் போவதாகவும் இல்லை, மணி நிற்பதாகவும் இல்லை. இனி ஒரு தடவை பிந்தினால் வேலை இல்லை. மானம் போனால் போகட்டும் என்று படியேறினேன்.

குளியல் தொட்டிக்குள்ளிருந்து சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பட்டுச்சேலையோடு அந்த வளைவுப் படியில் இறங்கத் தொடங்கினேன். இரண்டாவது வளைவில் கைபிடி கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. முன்னே போக முடியவில்லை, பின்னே போக முடியவில்லை. முந்தானை சங்கிலிக்குள் போய்விட்டது. நான் அந்தரத்தில் நின்று, "றெஜினா!" என்று கத்தினேன். றெஜினா வரவில்லை. அதிகாரிதான் ஃபைலை எறிந்துவிட்டு ஓடிவந்து பின்சில்லைப் பிடித்தார். அவருடைய வெள்ளைச் சட்டையில் கறுப்பு எண்ணெய் ஒரு கோடு இழுத்தது.

"ஒவ்வொரு நாளும் இப்படியா?" என்று பிரெஞ்சில் மூச்சு வாங்கக் கேட்டார்.

"இல்லை மாடம். மாத முடிவுவரைக்கும் படியில் கட்டலாம். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் இப்படித்தான்," என்றேன். வகுப்பில் படித்த பிரெஞ்சில் நான் பிழையில்லாமல் பேசிய ஒரே வசனம் அதுவாக இருக்கும்.

அப்போதுதான் எதிர்ப்படியில் றெஜினா வந்தாள். அவளுக்கும் அதே ஷிஃப்ட் அல்லவா? அவசரத்தில் கட்டில் விரிப்பை எடுக்கக்கூட மறந்துபோய், பூப்போட்ட ஏதோ ஒரு மிருகத்தைச் சுமந்துகொண்டு இறங்குவதுபோல இறங்கினாள். அவளுக்குப் பின்னால் முருகனிடம் இருந்த சைக்கிள், நெற்றியில் திருநீற்றுக் கோட்டோடு. அதற்குப் பின்னால் பொலித்தீன் பை. எல்லாப் படிகளிலிருந்தும் பெண்கள் சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அதிகாரி கமராவை மறுபடி எடுத்தார். எடுத்தவர் நிறுத்தவில்லை.

அண்ணை ஒழுங்கை நடுவில் நின்று, கைகளை விரித்து, உரத்த தமிழில் அந்த அம்மாவுக்குச் சொன்னார்: "இப்ப பாத்தியளோ? இதைத்தான் நான் சொன்னனான்!"

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தேன். தொழிற்சாலை வாசலில் அட்டை அடிக்கிற வரிசையில் கடைசி ஆளாக நின்றேன். ஆனால் நின்றேன். மேற்பார்வையாளர் என் பட்டுச்சேலையை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

பணம் கிடைத்தது. அந்த அதிகாரியே வீட்டுக்காரரோடும் தீயணைப்புக்காரர்களோடும் பேசி, கொட்டில் எழும்பும்வரைக்கும் தவணை வாங்கித் தந்தார். இலையுதிர் காலத்தில் ஒழுங்கை முடக்கில் எங்கள் கொட்டில் எழும்பியது. மரக் கூரை, கம்பிக் கதவு, நல்ல பூட்டு. திறப்பு விழாவுக்கு நகரசபை உறுப்பினர் வந்தார். எங்கள் வழக்கப்படி அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். இவ்வளவு காலமும் நாங்கள் எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கு ஏற்ற வைத்து, சாப்பாடும் போட்டு, ஒன்றுமே கேட்காமல் அனுப்பியிருக்கிறோம். டென்மார்க் அண்ணை மட்டும் பொன்னாடையைத் தோளில் போடும்போதே, சென்ட் லோரன்ட் வரைக்கும் தனிப்பாதை எப்போது போடுவீர்கள் என்று காதுக்குள் கேட்டுவிட்டார். உறுப்பினர் பொன்னாடைக்குள் இருந்தபடி பார்க்கலாம் என்றார். அடுத்த நாளே அண்ணை தொலைபேசியை எடுத்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விழா முடிகிற நேரம் றெஜினா தன் சைக்கிளை அவரிடம் நீட்டினாள். "அண்ணை, நீங்கள்தான் முதல் சைக்கிளை உள்ள ஓடிக்கொண்டு போகோணும்."

எல்லாரும் கைதட்டினோம். அவர் அசையவில்லை. பூட்டைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். சரசு அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உவருக்கு எங்க சைக்கிள் ஓடத் தெரியும்?"

யாழ்ப்பாணத்தில் பிறந்து சைக்கிள் ஓடத் தெரியாத ஆம்பிளை! கொட்டிலே இடிந்து விழுந்ததுபோல நின்றோம்.

"சின்ன வயசில விழுந்து கையை முறிச்சனான். பேந்து தொடேல்லை," என்றார் பூட்டைப் பார்த்தபடி.

"அப்ப டென்மார்க்கில?"

"பஸ்ஸிலதான்."

"ஓடினது நான்," என்றார் சரசு அக்கா. "நானும் அதே மீன் பக்டரி, உவருக்கு எதிர் ஷிஃப்ட். அந்த லொறித் தெருவாலதான் போய் வாறது."

அண்ணை இப்போதுதான் நிமிர்ந்தார். "இவ வெளிக்கிட்டுப் போனா, திரும்பி வருமட்டும் நான் யன்னலடியிலதான் நிக்கிறது. இருந்தாலும் இருப்புக் கொள்ளாது. பாதை போட்டாப் பிறகுதான் பிள்ளை, நான் ஆறுதலா இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சனான்."

றெஜினா சைக்கிளைச் சரசு அக்காவிடம் கொடுத்தாள். அந்த மனுஷி சேலையை ஒரு இழுப்பு இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, ஒரு வட்டம் அடித்து, நேரே கொட்டிலுக்குள் போய் இறங்கினார்.

அன்றைக்கு வேலை முடிந்து வரும்போது அவர்கள் வீட்டை நிமிர்ந்து பார்த்தேன். யன்னலில் அண்ணை நின்றுகொண்டிருந்தார். எத்தனை நாளாக எனக்காகவும் அப்படி நின்றாரோ, நான்தான் ஒருநாளும் மேலே பார்த்ததில்லை. சைக்கிள் மணியை அடித்தேன். கையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் மணி அடித்தேன். பனி விழுந்து, அவர் சொன்னபடியே முள்ளு டயர் போட்டு ஓடிய நாட்களிலும் அடித்தேன்.

போன வருடம் மகளுக்கு வேலை மாறியதால் அவர்கள் டொராண்டோவுக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் யாரோ ஒரு நகரசபை உறுப்பினருக்கு நிம்மதி போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வீட்டில் இப்போது ஒரு பஞ்சாபிக் குடும்பம் இருக்கிறது. நான் ஏன் தினமும் அவர்கள் யன்னலுக்குக் கீழே மணி அடித்துவிட்டுப் போகிறேன் என்று அவர்களுக்கு விளங்காது.

நான் வந்து சேர்ந்திட்டன் அண்ணை. நீங்கள் இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ.